பேருந்துக்கு நட்டக் கணக்கு உண்டு, சாலைக்கு?

நேயர்களுக்கு வணக்கம். பேருந்துக் கழகம் நட்டத்தில் ஓடுகிறது என்ற செய்தி ஆண்டுதோறும் வருகிறது. சாலை நட்டத்தில் ஓடுகிறது என்று யாரும் சொல்வதில்லை. காரணம், சாலைக்குத் தனி வரவு செலவுக் கணக்கே பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. பேருந்து மானியம் பட்ஜெட்டில் ஒரே வரியில் கண்ணில் படும். கார் ஓட்டுபவர் பெறும் மானியமோ பல துறைகளில் சிதறிக் கிடக்கும்.

சாலைப் பராமரிப்பு ஒரு துறையில், சிக்னலும் தெருவிளக்கும் நகராட்சியில், போக்குவரத்துக் காவலர் சம்பளம் காவல்துறையில், விபத்துச் சிகிச்சை சுகாதாரத்துறையில். நிறுவனம் ஊழியருக்குக் கொடுக்கும் காருக்கான வரிச்சலுகையை இங்கெல்லாம் தேடினாலும் கிடைக்காது. அது செலவழித்த பணமல்ல, வசூலிக்காமல் விட்ட பணம்.

பலரும் கணக்கில் சேர்க்காமலே விடுவது, வண்டி நிறுத்தும் இடம். தெருவோரம் ஒரு காருக்கு இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம் என்றால் பன்னிரண்டரை சதுர மீட்டர். தனி வளாகமானால் உள்ளே வந்து திரும்பும் வழியையும் சேர்த்து 25 முதல் 30 வரை போகும். அதே தெருவில் அந்தப் பரப்புக்குக் கடைக்காரர் என்ன வாடகை கொடுக்கிறார் என்று பாருங்கள். அதில் பார்க்கிங் கட்டணத்தைக் கழித்தால் மிஞ்சுவது மானியம். கட்டணமே இல்லையென்றால் முழு வாடகையும் மானியம்தான். ஜப்பானில் 1962-ஆம் ஆண்டிலேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. அங்கே பெரும்பாலான ஊர்களில், காரை நிறுத்தச் சொந்தமாகவோ வாடகைக்கோ இடம் இருக்கிறது என்று காவல் நிலையத்தில் சான்று வாங்கினால்தான் கார் பதிவாகும்.

"பெட்ரோல் வரி கட்டுகிறோமே" என்பது நியாயமான கேள்வி. கட்டும் வரியைக் கழிக்கத்தான் வேண்டும். ஆனால் வண்டிக்கென்றே உள்ள வரியை மட்டும் கழியுங்கள். எல்லாப் பொருளுக்கும் உள்ள விற்பனை வரியைக் கழித்தால் கணக்கு கெட்டுவிடும். அமெரிக்காவில் மத்திய அரசின் பெட்ரோல் வரி ஒரு காலனுக்கு (சுமார் 3.8 லிட்டர்) 18.4 சென்ட். 1993-க்குப் பிறகு அது உயரவில்லை. வரவு போதாமல் 2008 முதல் பொது நிதியிலிருந்து பலமுறை, அந்த வரி போய்ச் சேரும் நெடுஞ்சாலை நிதிக்குப் பணம் மாற்றினார்கள். காரே இல்லாதவரும் அதில் பங்கு கொடுக்கிறார். பிரிட்டனில் நிலைமை வேறு. அங்கே வாகன வரிகள் சாலைச் செலவை மிஞ்சுகின்றன. அப்படிப்பட்ட இடத்தில் நெரிசல், புகை, விபத்து ஆகியவற்றின் செலவையும் சேர்க்காமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

காருக்கும் பேருந்துக்கும் கடைசியில் வரும் மானியத் தொகையை எதால் வகுப்பது? வண்டி ஓடிய கிலோமீட்டரால் வகுக்காதீர்கள், பயணி கிலோமீட்டரால் வகுக்க வேண்டும். அதாவது ஒவ்வொரு பயணியும் போன தூரத்தின் கூட்டுத்தொகை. காலை நெரிசலில் நிரம்பி வழியும் பேருந்தை வைத்துக் கணக்குப் போட்டால் பேருந்துக்குச் சாதகமாகிவிடும். அதே பேருந்து பாதி காலியாகத் திரும்புகிறதே! நாள் முழுவதற்குமான சராசரியை எடுங்கள்.

பேருந்தின் எடையையும் மறைக்கக்கூடாது. 1950-களின் இறுதியில் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் நடந்த சாலைச் சோதனையிலிருந்து, பொறியாளர்கள் ஒரு விதியைக் கையாள்கிறார்கள்: ஓர் அச்சின் மேல் விழும் சுமை இரண்டு மடங்கானால் தார்ச்சாலைக்கு நேரும் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும். பேருந்து நிறுத்தத்தில் தார் மேடு பள்ளமாவதற்கு இந்தச் சுமையும் ஒரு காரணம். அந்தப் பழுதுச் செலவைப் பேருந்தின் கணக்கில் எழுதுங்கள். அதன் பிறகு காருக்கும் பேருந்துக்கும் வரும் இரண்டு எண்களை ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகப் பட்ஜெட் புத்தகத்திலேயே அச்சிடும்படி உங்கள் மன்ற உறுப்பினரிடம் கேளுங்கள். நன்றி.