கடைமடைப் பிள்ளை இயற்கை வளப் பாதுகாப்பு படிக்கலாமா? – ஒரு தாயாரின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். "என் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். இயற்கை வளப் பாதுகாப்புதான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அரசுப் பல்கலைக்கழகத்தில் இதற்குப் படிப்பு இருக்கிறதா, படித்தால் வேலை கிடைக்குமா?" என்பது கேள்வி. கடைமடையில், அதாவது காவிரிப் பாசன வாய்க்கால்கள் முடியும் கோடியில் வளர்ந்த ஒரு பெண் இதைத் தானாகவே விரும்பிக் கேட்கிறாள் என்பதில் எனக்கு அத்தனை மகிழ்ச்சி.

அம்மா, அந்தப் பெயரிலேயே இளநிலைப் பட்டத்தைத் தேடினால் உங்களுக்கு அலைச்சல்தான் மிஞ்சும். பாடம் பல பெயர்களில் பிரிந்து கிடக்கிறது. கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி இருக்கிறது. அங்கே வனவியல் நான்காண்டுப் படிப்பு. மண்ணும் நீரும்தான் மகளுக்கு விருப்பம் என்றால், லால்குடிக்கு அருகே குமுளூரில் அதே பல்கலைக்கழகத்தின் வேளாண் பொறியியல் கல்லூரி இருக்கிறது; மண், நீர் வளப் பாதுகாப்பு அங்கே முக்கியப் பாடம். கடலோரம் பிடிக்கும் என்றால் நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகமும், கடல் உயிரியலுக்குப் பெயர்பெற்ற அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை மையமும் உள்ளன.

இனி, நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். எந்தக் கல்லூரி என்பதைவிட, மகள் அங்கே எதைப் பார்க்கக் கற்றுக்கொள்ளப் போகிறாள் என்பதே எனக்குப் பெரிதாகப்படுகிறது. முந்தைய காணொளிகளைப் பார்த்தவர்களுக்கு நான் எங்கே வருகிறேன் என்று தெரிந்திருக்கும்: மரம் நடுவதற்கு முன் தண்ணீர் போகும் வழியைப் பாருங்கள். இதையே எத்தனை முறை சொல்வீர்கள் என்று சிலர் சலித்துக்கொள்கிறார்கள். இன்றும் சொல்லத்தான் போகிறேன்.

பிச்சாவரத்து அலையாத்திக் காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் அங்கே காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையாக வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் வெயில்பட்டு, ஈரம் வற்றி, தரை உள்வாங்கித் தொட்டிபோல் ஆகிவிட்டது. ஓதத்தில், அதாவது கடல் ஏற்றத்தில் உள்ளே வந்த கடல்நீர் திரும்பிப் போக வழியில்லாமல் தேங்கி, ஆவியாகி, உப்பை மட்டும் விட்டுச்சென்றது. அந்த உப்பில் கன்று பிழைக்கவில்லை. பின்னாளில் வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து செய்த சீரமைப்பில் முதல் வேலை கன்று நடுவதன்று, வாய்க்கால் வெட்டுவதுதான். ஒரு பெரிய வாய்க்காலும் அதன் இருபக்கமும் மீன் முள்போலச் சிறு கிளைகளுமாக வெட்டி, ஓதநீர் வந்து திரும்ப வழிசெய்த பிறகே நட்டார்கள். அதன் பிறகு காடு தழைத்தது. முத்துப்பேட்டையிலும் இதே முறையைத்தான் கையாண்டார்கள். உங்கள் ஊரிலிருந்து அது கூப்பிடு தூரம்தானே, மகளை ஒருமுறை படகில் அழைத்துச் சென்று அந்த வாய்க்கால்களைக் காட்டுங்கள்.

உங்கள் பக்கத்து வயல்களிலும் இதே உப்புத் தொல்லை உண்டு. மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறந்தாலும் கடைமடைக்கு நீர் வந்துசேரும் நாளை யாரும் விழாவாகக் கொண்டாடுவதில்லை. ஆற்றில் நன்னீர் குறைந்தால் வடிகால் வழியே கடல்நீர் ஏறுகிறது. நிலத்தடி நீரும் உவர்ப்பாகிறது. மண்ணில் உப்பு எவ்வளவு என்பதை அதன் மின்கடத்தும் திறனால் அளப்பார்கள்; அது மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸைத் தாண்டினால் உவர்நிலம். நெல்லோ 3-ஐத் தாண்டும்போதே விளைச்சலில் இறங்கத் தொடங்கிவிடும். இந்த எண்களை வகுப்பில் எவரும் மனப்பாடம் செய்துவிடலாம்; மண்ணை ஒழுங்காக எடுக்கத் தெரிய வேண்டுமே! வரப்போரம், மர நிழல், எருக்குவியல் இருந்த இடம் ஆகியவற்றைத் தவிர்த்து, வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் மண்வெட்டியால் ஆங்கில 'வி' வடிவில் குழிவெட்டி, 15 சென்டிமீட்டர் ஆழம்வரை பக்கவாட்டில் சீராகச் சீவியெடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து, வட்டமாகப் பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகள் இரண்டைத் தள்ளிவிட வேண்டும். அரை கிலோ மிஞ்சும்வரை இதையே திரும்பச் செய்ய வேண்டும். இதைச் சலிக்காமல் செய்கிற பிள்ளைதான் இந்தப் படிப்பில் தேறும். தஞ்சாவூர் காட்டுத்தோட்டத்தில் மண், நீர் மேலாண்மைக்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது; ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922 முதல் இயங்குகிறது. கல்லூரி எங்கே இருந்தாலும் விடுமுறையில் இவற்றைப் பார்த்துவரச் சொல்லுங்கள்.

வேலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மத்தியப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் இந்திய வனப்பணித் தேர்வுக்கு வனவியல், வேளாண்மை, பொறியியல் பட்டதாரிகளோடு தாவரவியல், விலங்கியல், வேதியியல், நிலவியல் படித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். மாநிலத் தேர்வாணையம் வனத்தொழில் பழகுநர் தேர்வை நடத்துகிறது. இரண்டிலும் போட்டி கடுமை. பட்டம் வாங்கியவுடன் பணி ஆணை வீடு தேடி வரும் என்று சொல்லி உங்களை ஏமாற்ற எனக்கு விருப்பமில்லை.

மகள் பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்தாள் என்று நீங்கள் எழுதவில்லை. கணிதம் எடுக்காதவருக்கு வேளாண் பொறியியலில் இடம் கிடையாது. உயிரியல் மட்டும் படித்திருந்தால் வனவியல், வேளாண்மை, மீன்வளம் ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும். அதை முதலில் உறுதிசெய்துகொண்டு, விண்ணப்பத் தேதியை அந்தந்தப் பல்கலைக்கழக இணையதளத்திலேயே பாருங்கள். இடம் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவர் எவரையும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள்.