மறையும் குறியும் வினைவேகமும்

நேயர்களுக்கு வணக்கம். மேல்நிலை வகுப்பு வேதியியல் ஆய்வகத்தில் செய்யப்படும் ஒரு சோதனையைப் பற்றி இன்று பேசுகிறேன். வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் ஒரு பெருக்கல் குறி. அதன்மேல் கூம்புக் குடுவை. குடுவைக்குள் சோடியம் தயோசல்பேட் கரைசல். ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்ந்ததும் கந்தகம் பிரியத் தொடங்கும். தெளிவாக இருந்த கரைசல் கலங்கி, மஞ்சளேறி, ஒரு கட்டத்தில் அடியிலுள்ள குறியை மறைத்துவிடும். அமிலம் விழுந்ததிலிருந்து அதுவரை எத்தனை விநாடி என்று குறித்துக்கொள்கிறோம்.

கையில் கிடைப்பது நேரம். நமக்கு வேண்டியதோ வேகம். ஒன்றை நேரத்தால் வகுத்தால் வேகத்துக்கு ஈடான எண் கிடைக்கும் என்று எல்லாரும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். ஏன் அப்படி வகுக்கலாம்? ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே அளவு கந்தகம் சேர்ந்ததும்தான் குறி மறைகிறது. இந்த நிபந்தனை கெட்டால் கணக்கும் கெட்டது. அதனால்தான் மொத்தக் கனஅளவு மாறக் கூடாது. அகலமான குடுவைக்கு மாறினால் கரைசலின் ஆழம் குறையும், குறி மறையக் கூடுதல் நேரம் எடுக்கும். அது வினையின் வேகம் அல்ல, குடுவையின் அகலம். குறியும் ஒன்றே, பார்க்கும் கண்ணும் ஒருவருடையதே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செய்முறைக்கு வருவோம். 37.2 கிராம் தயோசல்பேட் படிகத்தை, கொதிக்கவைத்து ஆறிய வாலைவடிநீரில் கரைத்து ஒரு லிட்டராக்கினால் 0.15 மோலார் கரைசல். கொதிக்கவைக்காத நீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடே நாளடைவில் தயோசல்பேட்டைச் சிதைக்கும். முதல் குடுவையில் கரைசல் 50 மி.லி. அடுத்ததில் 40 மி.லி. கரைசலும் 10 மி.லி. நீரும். இப்படியே கரைசலைக் குறைத்து, நீரைக் கூட்டி, 10 மி.லி. வரை வாருங்கள். நீரை முதலிலேயே கலந்துவிடுங்கள். கடைசியில்தான் 1 மோலார் அமிலம் 10 மி.லி.; ஊற்றும்போதே கடிகாரத்தை ஓடவிட்டு, குடுவையை ஒரு சுழற்று சுழற்றி, குறிமேல் வைத்து, நேர் மேலிருந்து பாருங்கள்.

பிழை அதிகம் நுழைவது அளவு ஜாடி வழியாக. அமிலத்துக்கும் தயோசல்பேட்டுக்கும் தனித்தனி ஜாடி வேண்டும். அமிலம் ஒட்டிய ஜாடியில் தயோசல்பேட்டை அளந்தால், கடிகாரம் ஓடுமுன்பே வினை தொடங்கிவிடும். குடுவைச் சுவரில் படியும் கந்தகத்தை உடனே பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவாவிட்டால், அடுத்த முறை குறி முன்னதாகவே மறையும். வினையில் கந்தக டை ஆக்சைடு வாயுவும் வெளியேறும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆகாது. சன்னல்கள் திறந்திருக்கட்டும். முடிந்த கலவையை சோடியம் கார்பனேட் கரைசல் உள்ள வாளியில் கொட்டுங்கள். அமிலம் நடுநிலையானதும் வினை நின்றுவிடும்.

வரைபடத்தில் கிடை அச்சில் செறிவு, செங்குத்து அச்சில் ஒன்றின் கீழ் நேரம். 50 மி.லி.க்கு 24 விநாடி என்றால் 25 மி.லி.க்கு 48 விநாடியை ஒட்டி வரும். தயோசல்பேட்டைப் பொறுத்து இது முதல் வகை வினை, அதாவது அதன் செறிவுக்கு நேர்விகிதத்தில் வேகம் அமையும் வினை, என்பதற்கு இதுவே அடையாளம். ஆனால் மிக நீர்த்த குடுவையின் புள்ளி கோட்டுக்குச் சற்றுக் கீழே விழுந்தால் கலங்க வேண்டாம். அதே அளவு கந்தகத்தைத் தர, அங்கே இருக்கும் தயோசல்பேட்டில் ஐந்து மடங்கு பெரிய பங்கு செலவாக வேண்டும். செலவாகச் செலவாக வேகம் தளரும். அந்தப் புள்ளியை அழித்துக் கோட்டின்மேல் ஏற்றிவைப்பது, சோதனை சொல்லும் உண்மையை அழிப்பதாகும்.

இந்த முறையில் ஒரு ஓட்டத்துக்கு ஒரே ஒரு அளவீடுதான். 1850-இல் ஜெர்மானியரான வில்ஹெல்மி, அமிலத்தில் கரும்புச் சர்க்கரை சிதைவதை வேறு வழியில் அளந்தார். முனைவுற்ற ஒளியின், அதாவது ஒரே தளத்தில் அதிரும் ஒளியின், தளத்தைக் கரைசல் எவ்வளவு திருப்புகிறது என்று பார்த்ததால், வினையைத் தொடாமலே அடுத்தடுத்து அளவு எடுக்க முடிந்தது. எஞ்சியிருக்கும் சர்க்கரைக்கு ஏற்பவே வேகம் அமைகிறது என்று காட்டியவர் அவர்.

இனி வெப்பநிலை. 25 டிகிரியிலிருந்து 35-க்கு ஏற்றினால் பல வினைகளின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். மூலக்கூறுகள் அடிக்கடி மோதுவதால் என்று விடைத்தாளில் எழுதுகிறார்கள். வாயுக்களை வைத்துக் கணக்குப் பாருங்கள்: அந்தப் பத்து டிகிரியில் மோதல்களின் எண்ணிக்கை 2 விழுக்காடுகூடக் கூடுவதில்லை. கூடுவது, கிளர்வு ஆற்றலை, அதாவது வினை நடக்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றலை, எட்டும் மோதல்களின் பங்கு. கிளர்வு ஆற்றல் மோலுக்கு 53 கிலோஜூல் என்றால், 25 டிகிரியில் சுமார் 200 கோடி மோதல்களுக்கு ஒன்றுதான் அதை எட்டும். 35 டிகிரியில் 100 கோடிக்கு ஒன்று. 1889-இல் ஸ்வீடன் வேதியியலர் அர்ஹீனியஸ் தந்த விளக்கத்தின் உயிர்நாடி இதுதான்.

ஆய்வகத்தில் இதன் பொருள் என்ன? காலையில் தொடங்கிய சோதனை நண்பகலில் முடியும்போது அறை 3 டிகிரி சூடேறியிருந்தால், வேகத்தில் 20 விழுக்காட்டுக்கு மேல் பிழை புகுந்திருக்கும். ஆகவே இரண்டு கரைசல்களையும் ஒரே நீர்த்தொட்டியில் வைத்திருந்து கலக்குங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் வெப்பநிலை பார்த்துச் சராசரி எடுங்கள். இதே சோதனையை வெவ்வேறு வெப்பநிலைகளில் செய்யும்போது 50 டிகிரியைத் தாண்ட வேண்டாம்: வாயு வேகமாக வெளியேறும், நேரமும் 10 விநாடிக்குக் கீழே போனால், கை அரை விநாடி தாமதித்தாலே 5 விழுக்காட்டுக்கு மேல் பிழை. கிடைத்த நேரங்களின் தலைகீழிக்கு இயல் மடக்கை எடுத்து, ஒன்றின் கீழ் கெல்வின் வெப்பநிலைக்கு எதிரே வரையுங்கள். சாய்வு எதிர்க்குறியில் வரும். எதிர்க்குறியை நீக்கி, வாயு மாறிலியான 8.314-ஆல் பெருக்கினால் கிளர்வு ஆற்றல் ஜூலில் கிடைக்கும். செல்சியஸிலேயே வரைந்தால் வரும் எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை. 273-ஐக் கூட்ட மறந்துவிடாதீர்கள்.