அறியாத நாய் கடித்தால்: அச்சத்துக்குரிய நாளும் அச்சம் தேவையற்ற நாளும்

நேயர்களுக்கு வணக்கம்.

யார் வீட்டு நாய் என்று தெரியாத ஒன்று, பேருந்து நிலையத்திலோ இருட்டிய தெருமுனையிலோ கணுக்காலைக் கவ்விவிட்டு ஓடிவிடுகிறது. இரண்டு பல் தடங்கள், சிறிது இரத்தம். நாயைத் தேடிப் பிடிக்கவும் வழியில்லை. இப்படி வருகிறவர்களை நெடுங்காலமாகப் பார்த்துவரும் மருத்துவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவது இதுதான்: அஞ்ச வேண்டிய முதல் நாளில் பலர் அலட்சியமாக இருந்துவிடுகிறார்கள், எல்லா ஊசிகளையும் போட்டு முடித்து, அஞ்சக் காரணமே இல்லாத மூன்றாம் மாதத்தில் உறக்கமின்றித் தவிக்கிறார்கள்.

வெறிநோயை உண்டாக்கும் ரேபிஸ் கிருமி, அந்நோயுற்ற நாயின் எச்சிலில் இருக்கிறது. காயத்தின் வழியே உள்ளே நுழையும் அது, இரத்தத்தில் கலந்து ஓடாமல், நரம்புகளைப் பற்றிக்கொண்டு மெல்ல மூளையை நோக்கிச் செல்கிறது. பெரும்பாலும் இதற்கு ஒன்று முதல் மூன்று மாதங்கள் ஆகும். முகத்திலோ, நரம்புகள் மிகுந்த விரல் நுனிகளிலோ கடிபட்டிருந்தால் இன்னும் விரைவாக நேரலாம். மூளையை எட்டி அறிகுறிகள் தோன்றிய பிறகு உயிர் பிழைப்பது அரிதினும் அரிது. ஆனால் கிருமியின் இந்த மெதுவான பயணம்தான் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு. கடித்த பிறகு போடும் தடுப்பூசி பயன் தருவதும் இதனால்தான்.

ஆகவே கடித்த உடனே செய்ய வேண்டியது, ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடங்கள் காயத்தைக் கழுவுவது. கிருமியின் மேலுறை கொழுப்பாலானது. சோப்பு அதைக் கரைத்துச் சிதைத்துவிடும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவினால்தான் பதினைந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்பது தெரியும். பெரும்பாலோர் இரண்டு குவளை நீரை ஊற்றிவிட்டு, மிளகாய்த்தூளையோ சுண்ணாம்பையோ காப்பித்தூளையோ அப்பிக்கொண்டு வருகிறார்கள். இவை புண்ணை எரித்துக் கெடுக்குமே தவிர, கிருமியை ஒன்றும் செய்வதில்லை.

அடுத்து, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ சென்றுவிட வேண்டும். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசிகள் என்ற பழைய அச்சத்தால் இன்றும் தயங்குகிறவர்கள் உண்டு. அது ஆட்டின் மூளைத் திசுவிலிருந்து தடுப்பு மருந்து செய்த காலத்துக் கதை. 1907இல் தொடங்கப்பட்ட குன்னூர் பாஸ்டியர் நிறுவனமும் ஒரு காலத்தில் அவ்வகை மருந்தையே தயாரித்தது. பின்னர் நாடெங்கும் அதைக் கைவிட்டுவிட்டார்கள். இப்போது அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் இரு கைகளின் தோலுக்குள்ளும் 0.1 மில்லி வீதம், முதல் நாளும் அதன் பின் 3, 7, 28ஆம் நாட்களிலும் போடுகிறார்கள். தசையில் போடும் முறையென்றால் 14ஆம் நாளன்றும் சேர்த்து ஐந்து ஊசிகள்.

இங்கே பலர் தவறவிடும் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தடுப்பூசி போட்டவுடன் உடலில் எதிர்ப்பொருள் உண்டாகிவிடுவதில்லை. அதற்கு ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு வாரங்கள் வேண்டும். அந்த இடைவெளியில் காயத்திலேயே கிருமியைத் தடுத்து நிறுத்துவதற்காக, ஆயத்த நிலையில் உள்ள எதிர்ப்பொருளான இம்யூனோகுளோபுலினைக் காயத்தின் உள்ளும் சுற்றிலும் செலுத்துவார்கள். தோல் கிழிந்து இரத்தம் கசிந்த கடி எதுவானாலும், அது சிறியதாக இருந்தாலும், இது தேவை. நீங்கள் சென்ற இடத்தில் அது இருப்பில் இல்லையென்றால், எந்த மருத்துவமனையில் கிடைக்கும் என்று கேட்டறிந்து அங்கே செல்லுங்கள். முதல் தடுப்பூசி போட்ட நாளிலிருந்து ஏழு நாட்களுக்குள் அதைச் செலுத்திக்கொள்ளலாம்.

கடித்த நாய் பத்து நாட்கள் நலமாக இருந்தால் ரேபிஸ் இல்லை என்று பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். உண்மைதான், கடித்த வேளையில் எச்சிலில் கிருமி இருந்திருந்தால், அந்த நாய் சில நாட்களிலேயே நோயுற்று இறந்துவிடும். ஆனால் அது கண்காணிக்கக் கூடிய நாய்க்குரிய விதி. அதுவும் ஊசியைத் தொடங்கிவிட்டுக் கவனிக்க வேண்டியதே தவிர, கவனித்துவிட்டுத் தொடங்க வேண்டியதன்று. மறுநாள் அதே தெருவில் செம்பட்டை நிற நாய் ஒன்று துள்ளித் திரிவதைக் கண்டு, "அதேதான், நன்றாக இருக்கிறது" என்று ஊசியை நிறுத்திக்கொண்டவர்களை அறிவேன். ஒரு தெருவில் செம்பட்டை நாய்கள் எத்தனை இருக்கும்!

இனி, பின்னால் வரும் அச்சம். காயத்தை முறையாகக் கழுவி, இம்யூனோகுளோபுலினும் உரிய நாட்களில் ஊசிகளும் பெற்ற ஒருவர், ஆறிய தழும்பில் லேசான குறுகுறுப்பை உணர்ந்ததும் கலங்கிப்போகிறார். ஆறும் புண் குறுகுறுப்பது இயல்பு. தொண்டை அடைப்பது போலிருக்கிறதா என்று மணிக்கொருமுறை தண்ணீர் குடித்துச் சோதிக்கிறார். கைப்பேசியில் அறிகுறிகளைத் தேடித் தேடிப் படிக்கிறார். படித்த ஒவ்வொன்றும் தன்னிடம் இருப்பதாக நினைக்கிறார். அறிகுறி தோன்றும் முன்பே கிருமி இருக்கிறதா எனக் கண்டறியும் இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. ஆகவே ஆய்வகம் ஆய்வகமாக அலைவதால் மனநிம்மதி கிடைக்காது. முறையான சிகிச்சையை உரிய காலத்தில் முழுமையாகப் பெற்றவருக்கு நோய் வருவது மிக மிக அரிது என்பதே அவர் பற்றிக்கொள்ள வேண்டிய உண்மை. அப்படியும் உறக்கம் கெட்டு, உணவு குறைந்து, வேலையில் மனம் செல்லவில்லையென்றால் அந்தப் பதற்றத்துக்கும் மருத்துவம் உண்டு. மனநல மருத்துவரை நாடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடிபட்டு வாரங்கள் சென்றும் ஊசியே போடாதவரின் அச்சம் வேறு வகை; அது நியாயமானது. காலம் கடந்துவிட்டது என்று அவர் விட்டுவிடக் கூடாது. மாதங்கள் ஆகியிருந்தாலும், இன்றுதான் கடிபட்டது போலக் கருதிச் சிகிச்சையைத் தொடங்கலாம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தயங்க வேண்டியதில்லை. கறி, கோழி சேர்க்கக் கூடாது என்பது போன்ற பத்தியம் எதுவும் கிடையாது. ஒரு நாள் தவறிவிட்டால் முதலிலிருந்து தொடங்கவும் வேண்டாம். விட்ட ஊசியை விரைவில் போட்டுக்கொண்டு தொடர்ந்தால் போதும்.

ஊசி போட்ட அட்டையைத் தூக்கி எறியாமல் வைத்துக்கொள்ளுங்கள். முழுத் தடுப்பூசி பெற்றவரை மீண்டும் நாய் கடித்தால், காயத்தைக் கழுவியபின் முதல் நாளும் அதன் பின் 3ஆம் நாளுமாக இரண்டு வேளை ஊசியே போதுமானது, இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது. ஆனால் முன்பு என்ன போடப்பட்டது என்பது அந்த அட்டையைப் பார்த்தால்தான் மருத்துவருக்குத் தெரியும்.

வணக்கம்.