ஆடிப்பட்டமும் அலுமாரிப் புத்தகங்களும்

வணக்கம் நேயர்களே.

தோட்டம், வாசிப்பு, புத்தகக்கடை மூன்றையும் பற்றிப் பேசுங்கள் என்று இந்த வானொலி நிலையத்தில் என்னிடம் கேட்டிருந்தார்கள். மூன்றும் ஒற்றுமையாக இருக்கும் என்று நினைத்துக் கேட்டிருப்பார்கள் போல. எங்கள் வீட்டில் அவை ஓயாமல் சண்டை பிடிக்கின்றன. அந்தச் சண்டையைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருப்பீர்கள். பழமொழிக்குக் கருத்து எழுதச் சொல்வார்கள். நாங்களும் எழுதி முழுப் புள்ளி வாங்கியிருப்போம். சரி, இப்போது திருகோணமலையில் ஆடி மாதத்து மத்தியானத்தில் வளவுக்குள் இறங்கிப் பாருங்கள். மணலில் வெறுங்காலை வைக்க முடியாது. கிணற்றுக்குள் விட்ட வாளி அடித்தரையில் இடிக்கிறது. கடலோரமாக இருப்பவர்களுக்கு அந்தக் கொஞ்சத் தண்ணீரும் உவர்க்கத் தொடங்கிவிடும். மேற்கே காட்டுப்பக்கமிருந்து கச்சான் காற்று வீசி, காலையில் ஊற்றிய தண்ணீரைப் பத்து மணிக்குள் உறிஞ்சிவிடும். அந்த மாதத்தில் தேடி விதைத்தால் எறும்புக்குத்தான் தீனி.

பழமொழியில் பிழையில்லை. அது பிறந்த ஊரில் ஆடியில் மழை தூறும். இங்கே தென்மேல் பருவக்காற்று வரும் வழியிலேயே மலைநாட்டில் மழையையெல்லாம் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு, சுடச்சுட நம் பக்கம் இறங்குகிறது. நமக்கும் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,600 மில்லிமீற்றர் மழை உண்டு, குறைவென்று சொல்ல முடியாது. ஆனால் அதில் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில், வடகீழ்ப் பருவமழையாக ஒரே மூச்சில் வந்து முடிந்துவிடும். வயற்காரருக்கு இதையெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தம்பலகாமத்தில் யாரும் பழமொழியைப் பார்த்து விதைப்பதில்லை. கந்தளாய்க் குளத்துத் தண்ணீரையும் பெரும்போகம் சிறுபோகம் என்ற கணக்கையும் பார்த்து விதைக்கிறார்கள். ஏமாறுகிறவர்கள் என்னைப் போல, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தோட்டம் செய்கிறவர்கள்தான்.

என் மனக்குறையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நமக்குக் கிடைக்கிற தமிழ்த் தோட்டப் புத்தகங்களில் பெரும்பாலானவை வேறு யாரோ ஒருவருடைய மண்ணுக்கு எழுதப்பட்டவை. செம்மண்ணுக்கு இப்படி, கரிசல் மண்ணுக்கு இப்படி என்று விரிவாக எழுதியிருப்பார்கள். கரிசல் மண்ணுக்கு நான் எங்கே போவது? கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், குழி தோண்டினால் சிப்பி வருகிற வளவு என்னுடையது. தென்னங்கன்று வைக்கிற குழிக்குள் தேங்காய்ப் பொச்சுமட்டையை அடுக்கினால் ஈரம் நிற்கும் என்பது இங்கே பக்கத்து வீட்டு மாமிக்குத் தெரியும், புத்தகத்துக்குத் தெரியாது.

அப்படியிருந்தும் நான் தோட்டப் புத்தகம் வாசிப்பதை விடவில்லை. ஏனென்றால் கச்சான் காலத்தில் பத்து மணிக்கு மேல் தோட்டத்தில் செய்ய ஒன்றுமில்லை. ஒரு பிளேன்டீயோடு விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் உட்கார்ந்தால், வெளியே கத்தரி தலையைத் தொங்கப்போட்டு நிற்கும், மடியில் இருக்கிற புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் பச்சையாக இருக்கும். வாழைக்கு எத்தனை அடி இடைவெளி, பாகல் பந்தலுக்கு எத்தனை கால் என்று வாசிக்க வாசிக்க, இல்லாத தோட்டம் ஒன்று கண்ணுக்குள் வளர்ந்துவிடும். உண்மையைச் சொன்னால், அந்தத் தோட்டத்துக்கு நத்தை வராது.

இனிப் புத்தகக்கடைக்கு வருவோம். நகரத்தில் புத்தகக்கடை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இருக்கிறது. உள்ளே போனதும் பயிற்சிக் கொப்பி, கொம்பாஸ் பெட்டி, புலமைப்பரிசில் வழிகாட்டி, கடந்தகால வினாத்தாள் தொகுப்பு. இவையெல்லாம் முகப்பில், கைக்கெட்டும் தூரத்தில். கதையும் கவிதையும் கட்டுரையும் பின்சுவரோடு ஒரு கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டியிருக்கும். கண்ணாடிக்கு வெளியே நின்று தலையைச் சரித்து முதுகில் இருக்கிற பெயரை வாசிக்க வேண்டும். எடுத்து விரித்துப் பார்க்க வேண்டுமென்றால் யாரையாவது கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் அவர் பக்கத்திலேயே நிற்பார். ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க முதல் பக்கத்தை வாசித்துப் பாருங்கள், எந்த எழுத்தும் மண்டைக்குள் போகாது. இந்தக் கண்ணாடிக்கு நான் பரம எதிரி. இதைப் பற்றி எங்கே பேசக் கூப்பிட்டாலும் பேசுவேன், கூப்பிடாவிட்டாலும் பேசுவேன். பிலாப்பழத்தைத் தட்டிப் பார்க்காமல் வாங்குவோமா? புத்தகத்தைப் புரட்டாமல் மட்டும் எப்படி வாங்குவது?

ஒரு கடையில் "மோகனாங்கி" இருக்கிறதா என்று கேட்டேன். தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று ஆய்வாளர்கள் சொல்கிற புத்தகம், 1895இல் வெளிவந்தது. எழுதிய தி. த. சரவணமுத்துப்பிள்ளை நம்முடைய திருகோணமலையில் பிறந்தவர். சென்னைக்குப் போய்ப் படித்து, அங்கே நூலகராகவும் இருந்தவர். ஊருக்கே பெருமையான புத்தகம் ஆயிற்றே, ஊர்க்கடையில் இருக்கும் என்று ஒரு நப்பாசை. மேசையில் இருந்த பையன் நல்ல பிள்ளை, மிகவும் மரியாதையாகக் கேட்டான்: "எத்தனையாம் ஆண்டுப் பாடம், அன்ரி?"

அவனைக் குறை சொல்லி என்ன செய்வது? கடைக்காரரையும்தான். பள்ளிக்கூட ஆண்டு தொடங்கும்போது விற்கிற கொப்பியில்தான் அவருக்கு வருஷம் ஓடுகிறது. 2022இல் கடதாசி தட்டுப்பாட்டால் பரீட்சைகளே தள்ளிப்போன நாட்களை மறந்திருக்க மாட்டீர்கள். இந்தியாவிலிருந்து வருகிற புத்தகத்தின் விலையை அந்த ஆண்டுக்குப் பிறகு பார்த்திருப்பீர்களே. அச்சிட்ட இந்திய விலைக்கு மேலே ஒரு வெள்ளைத் துண்டு, அதற்கு மேலே இன்னொரு துண்டு. நகத்தால் மெல்ல உரித்துப் பார்த்தால் ரூபாய் சரிந்த கதை அடுக்கடுக்காகத் தெரியும். அப்புறம் 2024 ஜனவரியில் புத்தகத்துக்கும் 18 வீத வற் வரி. கத்தரிக்காய் விலை ஏறினால் பூசணிக்காய் வாங்கலாம். விரும்பிய எழுத்தாளருக்குப் பதிலாக யாரை வாங்குவது?

ஆனால் இன்னொரு கடையும் இருக்கிறது. பெயர் சொல்லவில்லை, சொன்னால் நாளைக்கே கூட்டம் சேர்ந்து எனக்கு உட்கார இடம் இல்லாமல் போய்விடும். அங்கே முதலாளி ஐயா என்னைக் கண்டதும் ஒன்றும் பேசாமல் அலுமாரித் திறப்பை எடுத்து மேசையில் வைப்பார். ஒரு முக்காலியைக் காலால் என் பக்கம் தள்ளிவிடுவார். பிறகு தன்பாட்டில் கணக்குப் பார்ப்பார். நான் வாங்கினாலும் அதே முகம், வாங்காவிட்டாலும் அதே முகம். புத்தகக்கடை என்றால் அப்படி இருக்க வேண்டும். பல தடவை ஒன்றுமே வாங்காமல் வந்திருக்கிறேன், அதனால்தான் பல தடவை கைகொள்ளாமலும் வாங்கி வந்திருக்கிறேன்.

நேரம் போகிறது, ஆனால் அடுத்ததைச் சொல்லாமல் விட மாட்டேன்.

கொழும்பு போனால் மருதானைப் பக்கம், டி. ஆர். விஜயவர்தன மாவத்தையில் இருக்கிற பழைய புத்தகக் கடைகளுக்குப் போவேன். பழைய ஆட்கள் அதை இன்னும் மெக்கலம் றோட் என்றுதான் சொல்வார்கள். அங்கே தமிழ்ப் புத்தகம் கிடைப்பது அபூர்வம். சிங்களமும் ஆங்கிலமும் குவிந்த ஒரு குவியலின் அடியிலிருந்து வீட்டுத்தோட்டம் பற்றிய ஒரு தமிழ்ப் புத்தகம் வந்தது. அட்டை கிழிந்தது, இந்தியப் பதிப்பு. வழக்கம்போல ஆடிப்பட்டம், கரிசல் மண். வைத்துவிட்டு வரப் போனேன். அப்போதுதான் ஓரத்தில் பென்சில் எழுத்தைக் கண்டேன்.

முன்பு வைத்திருந்த யாரோ ஒருவர் புத்தகம் முழுக்கத் திருத்தி எழுதியிருக்கிறார். பெயர் இல்லை. பொடிப்பொடியான, சரிவான எழுத்து. கத்தரி அத்தியாயத்தில் "ஆடி மாதம் விதைக்கவும்" என்ற வரிக்குக் கீழே ஒரு கோடு, பக்கத்தில் "நிலாவெளியில் சரிவராது. புரட்டாதியில் நாற்றுமேடை, ஐப்பசி மழைக்கு நடுகை." மிளகாய்க்குப் பக்கத்தில் "கார்த்திகை வெள்ளத்தில் வேர் அழுகியது. பாத்தியை உயர்த்து." ஓரிடத்தில் வெறுமனே "பொய்" என்று மட்டும். நான் இரவு ரயிலில் திருகோணமலை வந்து சேரும்வரை அச்சிட்டதை விட்டுவிட்டுப் பென்சிலை மட்டும் வாசித்துக்கொண்டு வந்தேன். கல் ஓயா தாண்டியும் தூக்கம் வரவில்லை. நமது மணலுக்கு எழுதப்பட்ட புத்தகம் இல்லை என்று இவ்வளவு நாள் புலம்பினேனே, இதோ ஒருவர் எழுதி வைத்திருக்கிறார், இன்னொருவருடைய புத்தகத்தின் ஓரத்தில்.

அதற்குப் பிறகு நானும் எழுதத் தொடங்கிவிட்டேன். புத்தகத்தில் கிறுக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள், புத்தகத்தில் கால் பட்டாலே தொட்டுக் கும்பிடுகிறவர்கள். முதல் எழுத்தை எழுதக் கை கூசியது. நூலகத்துப் புத்தகத்தில் எழுதாதீர்கள், அதைத் தனியாகச் சொல்லிவிடுகிறேன். சொந்தப் புத்தகத்தில் எழுதுங்கள், பென்சிலால், மாதத்தையும் ஊரையும் சேர்த்து. ஊரை மறக்காதீர்கள். பாலையூற்றில் நடந்தது மூதூரில் நடக்காது.

இந்தப் புத்தகத்துக்குத்தான் ஒரு விபத்து நடந்தது. மான்.

வெளியூரில் இருந்து கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. திருகோணமலை நகரத்துக்குள் புள்ளிமான்கள் கட்டாக்காலி மாடு மாதிரித் திரிகின்றன. கோட்டைக்குள் நிற்கும், கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்களிடம் வாழைப்பழம் கேட்கும், மாலையானால் தெருத்தெருவாக வரும். சுற்றுலா வருகிறவர்கள் நின்று படம் எடுப்பார்கள். தோட்டக்காரர்கள் படம் எடுப்பதில்லை. பயற்றங்கொடி, செவ்வரத்தைத் தளிர், பொன்னாங்காணி, எல்லாம் அதற்கு விருந்து. வேலியை உயர்த்தினால் தாவும், முள்ளு வைத்தால் சுற்றி வரும். குப்பை மேட்டில் கடதாசியும் தின்னும், பொலித்தீனும் தின்னும். பொலித்தீன் தின்று இறந்துபோகிற மான்களும் உண்டு, அதை நினைத்தால் கோபமும் வரமாட்டேன் என்கிறது.

அன்றைக்குப் பேரன் சைக்கிளை உள்ளே கொண்டுவந்துவிட்டுப் படலையைச் சாத்தவில்லை. நான் குசினியில் நின்றேன். விறாந்தையில் ஏதோ கிழிகிற சத்தம். பல்லியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். பல்லி எந்தக் காலத்தில் கடதாசி கிழித்தது? எட்டிப் பார்த்தால், ஒரு பெண் மான், இரண்டு முன்காலையும் விறாந்தைப் படியில் வைத்து, கழுத்தை நீட்டி, சாய்மனைக் கதிரையில் கிடந்த அந்தப் புத்தகத்தை ஆற அமர மென்றுகொண்டு நிற்கிறது. கத்திக்கொண்டு ஓடினேன். அது ஓடவில்லை. வாயில் ஒரு பக்கம் பாதி தொங்க, என்னை ஒரு பார்வை பார்த்தது, நான்தான் அதன் வீட்டுக்குள் வந்துவிட்ட மாதிரி. பிறகு படியிறங்கி, போகிற வழியில் கத்தரி நாற்றையும் ஒரு கடி கடித்துவிட்டுப் போனது.

எடுத்துப் பார்த்தேன். முன்னுரை முழுவதும் போயிருந்தது. பதிப்புரையும் போயிருந்தது. பென்சில் எழுத்து ஒன்றும் போகவில்லை. புத்தகத்தில் எந்தப் பகுதியை விடலாம் என்று அந்த மானுக்குத் தெரிந்திருக்கிறது. பக்கத்து வீட்டு மாமி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "வாசிக்கிற ஆள் ஒன்று கூடியிருக்கு, விடு பிள்ளை" என்றார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து ஒலிப்பதிவுத் தம்பி நேரம் முடிகிறது என்று கையைக் காட்டுகிறார். கண்ணாடி என்றாலே எனக்கு ஆகாது என்று சொன்னேன் அல்லவா. இன்னும் மாரிகாலத்துக்கே வரவில்லை. மழை வந்ததும் தோட்டம் எழும்பும், புத்தகம் படுத்துவிடும், பூஞ்சணம் பிடிக்கும், நத்தை வரும், கறையான் வேலியிலிருந்து அலுமாரிக்கு ஏறும் என்று பெரிய பட்டியலே வைத்திருந்தேன். ஓட்டமாகச் சொல்கிறேன். அலுமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள், கறையான் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். புத்தகத்தை இறுக்கி அடுக்காதீர்கள், காற்றுப் போகட்டும். மார்கழியில் ஒரு நாள் வெயில் எறித்தால் உடுப்பைப் பிறகு காயப்போடலாம், முதலில் புத்தகத்தை வெளியே எடுங்கள், நேர் வெயிலில் வேண்டாம். ஏட்டுக்கு வசம்பு வைக்கிற முறை பற்றி இன்னொரு நாள் கூப்பிட்டால் சொல்கிறேன்.

தோட்டத்துக்கு: இந்த ஆவணிக்குள் மேடைக்கு இடத்தைப் பாருங்கள். புரட்டாதியில் அந்த இடத்தில் வைக்கோலும் உமியும் பரப்பி எரித்து, சூடு ஆறிய பிறகு கத்தரி விதையைப் போடுங்கள். "திருநெல்வேலி ஊதா" என்ற இனம் நம் சூட்டைத் தாங்கும். சந்தேகம் என்றால் விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள், காசு இல்லை, தமிழிலும் பேசுவார்கள். கேட்டதை எழுதி வையுங்கள். படலையைச் சாத்துங்கள்.

வணக்கம்.