நனைந்தால் கரைந்துவிடுவாரா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘18, 19ஆம் நூற்றாண்டுக் கனவான்களின் கையிலும் பையிலும் இருந்தவை பயனா, பகட்டா?’ பயனே என்பது எங்கள் அணி.

எதிரணித் தம்பி பெரிய கைதட்டல் வாங்கிவிட்டுப் போயிருக்கிறார். “கோட்டுப் போட்ட கனவான் மழையில் நனைந்தால் கரைந்தா போவார்? அவர் என்ன வெல்லமா?” என்றார். நீங்களும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

தம்பி, அந்த வெல்லத்தின் பெயர் ஜோனாஸ் ஹான்வே. ரஷ்யா, பாரசீகம் வரை போய் வாணிபம் செய்துவிட்டு 1750இல் லண்டன் திரும்பியவர். மழை வந்தது, குடையை விரித்தார். அவ்வளவுதான், தெருவே கத்துகிறது! அன்றைய லண்டனில் குடை என்றால் பெண்கள் பிடிப்பது. ஆண்பிள்ளை பிடிக்கலாமா?

அதிகமாகக் கத்தியது யார் தெரியுமா? வாடகைக் குதிரைவண்டிக்காரர்களும் நாற்காலிப் பல்லக்குத் தூக்குகிறவர்களும். மழை பெய்தால்தானே அவர்களுக்குக் கிராக்கி! ஆளுக்கொரு குடை பிடித்தால் வண்டியில் யார் ஏறுவது?

இந்த இடத்தை இன்னொரு தடவை சொல்லியே ஆக வேண்டும். இந்தப் பக்கம் வண்டிக்காரர் ஏசுகிறார். அந்தப் பக்கம் பல்லக்குக்காரர் ஏசுகிறார். நடுவில் ஹான்வே. பட்டனைத் தட்டினால் விரிகிற குடையா அது? எண்ணெய் ஏற்றிய துணி, கனமான சட்டம். நனைந்தால் கை கடுக்கும். மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினாரா? இல்லை. ஏறக்குறைய 30 வருடம் பிடித்தார்! 1786இல் அவர் கண்மூடும்போது, லண்டன் ஆண்கள் கூச்சமில்லாமல் குடை பிடிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

பகட்டுக்காரன் ஊர் மெச்சுவதைத்தான் கையில் எடுப்பான். ஊர் சிரிப்பதை 30 வருடம் தூக்குவானா, தம்பி? ஏழைப் பையன்களுக்கு உடுப்புக் கொடுத்துக் கப்பல் வேலைக்கு அனுப்பிய மரைன் சொசைட்டியை 1756இல் தொடங்கியவரும் இதே ஹான்வேதான். புகைபோக்கிக்குள் ஏறிக் கரி சுரண்டிய சிறுவர்களுக்காக வாதாடியவரும் அவர்தான்.

பொடி டப்பாவை எங்கள் அணி அக்கா பார்த்துக்கொண்டார். கடிகாரத்துக்கு ஒரே வார்த்தை. தம்பியைப் போலவே, அது வசதிக்காரர் பொருள்தானே என்று பிரிட்டிஷ் பிரதமர் பிட்டின் அரசு 1797இல் வரி போட்டது. தங்கக் கடிகாரத்துக்கு ஆண்டுக்கு 10 ஷில்லிங். கடிகாரத் தொழிலே படுத்துவிட்டது. மறு வருடமே வரியை எடுத்துவிட்டார்கள். பகட்டு என்று போட்ட கணக்கு தப்பிவிட்டது!

அப்புறம், இன்னொரு கனவானின் சட்டைப்பை. வக்கீலாக இருந்து அமெரிக்க ஜனாதிபதியான ஆபிரகாம் லிங்கன். 1865 ஏப்ரல் 14 இரவு வாஷிங்டன் நாடக அரங்கில் சுடப்பட்டபோது அவரிடம் என்ன இருந்தது? இரண்டு மூக்குக்கண்ணாடி, ஒரு பேனாக்கத்தி, பெயர் தைத்த கைக்குட்டை, ஒரு தோல் பர்ஸ். கண்ணாடி ஒன்றின் காம்பு கழன்று, நூலால் கட்டியிருக்கிறது. நாட்டை ஆண்டவரய்யா! பர்ஸுக்குள் செய்தித்தாள் துண்டுகள், அவரைப் பாராட்டி எழுதியவையும் அதில் உண்டு. பாதி நாடு தூற்றிய காலத்தில், யாரோ நாலு நல்ல வார்த்தை எழுதியதை அந்த மனுஷர் மடித்து வைத்திருக்கிறார். அந்தப் பொருள்களை எல்லாம் மகன் பத்திரமாகக் காத்தார். பேத்தி 1937இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகத்துக்குக் கொடுத்தார்.

நடுவர் அவர்களே, நூல் சுற்றிய அந்தக் கண்ணாடியைப் பார்த்துப் பகட்டு என்று சொல்ல எதிரணித் தம்பிக்கு மனம் வருமா? வந்தால், தீர்ப்பை அவர் பக்கமே சொல்லிவிடுங்கள். நன்றி, வணக்கம்.