ஆறின புண்ணிலும் அசடு நிற்கும்

(கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் பேசியதன் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பஞ்சாயத்து உறுப்பினர்களே, இந்த மழையிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் டாக்டர் அவர்களே, வீடு வீடாய் ஏறி இறங்கும் ஆஷா சகோதரிகளே, எருத்தேம்பதியிலிருந்தும் வடகரப்பதியிலிருந்தும் வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

பெருங்குடல் புண், அதாவது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். அதற்கு மருந்தை விடாமல் சாப்பிடுவது பற்றி மூன்று செய்தி சொல்ல வந்தேன்: மாத்திரை, ஸ்டீராய்டு, மருந்து உறை.

ரத்தம் போவது நின்று நாலு மாதம் ஆனதும், "சரியாப் போச்சு" என்று, குடலின் அழற்சியைத் தணிக்கும் மெசலமின் மாத்திரையை நிறுத்திவிடுகிறோம். ஆறின புண்ணிலும் அசடு நிற்கும் என்றார்கள் பெரியவர்கள். அசடு என்றால் புண்ணின் பொருக்கு. வயிறு அமைதியானாலும் குடலின் உள்தோலில் அழற்சி தங்கியிருக்கும். மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாதவர்களுக்கு நோய் திரும்பும் அபாயம் 5 மடங்குக்கும் மேல் என்று 2003-இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது.

எருத்தேம்பதிப் பக்கம் ஓர் அம்மா. மகனுக்கு 16 வயது. 1.2 கிராம் மாத்திரை, காலையில் 2. பெரிய மாத்திரை, தொண்டையில் நிற்கிறது என்கிறான். பெற்ற மனசு கேட்குமா? குழவியில் நுணுக்கி, தேனில் குழைத்து, ஊட்டியே விட்டார். ஒரு நாள் தவறவில்லை. காலண்டரில் கோடு போட்டுக் கணக்கு வைத்தார். ஆறே வாரத்தில் பையனுக்கு மறுபடி ரத்தம். "மருந்தே சரியில்லை" என்றது ஊர். மருந்தில் கோளாறு இல்லை. அந்த மாத்திரையின் மேல்பூச்சு இரைப்பை அமிலத்தில் கரையாது. அமிலம் தணிந்த சிறுகுடலின் கடைசியில்தான் கரையும். பூச்சை உடைத்தால் மருந்து மேலேயே உறிஞ்சப்பட்டுவிடும், புண்ணுள்ள இடத்துக்குப் போதிய அளவு போய்ச் சேராது. பொடிக்கக் கூடாது, மெல்லக் கூடாது என்று அட்டையில் இருந்தது, ஆங்கிலத்தில். உறையில் எழுதிக் கொடுத்தது மலையாளத்தில். அந்த அம்மா படித்தது தமிழ்ப் பள்ளியில்!

ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரட்டிப்பாக விழுங்காதீர்கள். ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தாதீர்கள். உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டைக் குறைத்திருக்கும், அதனால்தான் டாக்டர் படிப்படியாக இறக்குகிறார். ஆறின புண்ணிலும் அசடு நிற்கும், மறக்காதீர்கள்.

மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் அரசு அலுவலகத்துக்குத் தமிழில் எழுதும் உரிமையை 1969-இன் கேரள ஆட்சிமொழிச் சட்டமே தந்திருக்கிறது. மனுவுக்குத் தமிழ் உண்டென்றால் மருந்து உறைக்கு ஏன் கூடாது? எத்தனை, எப்போது, உடைக்கலாமா கூடாதா: மூன்று வரி போதும். தலைவர் அவர்கள் இதைப் பஞ்சாயத்தில் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டுகிறேன். மனு நோட்டு வாசலில், டீ மேசைமேல் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.