லேப்டாப் ஃபேன் ஏன் இரைகிறது?

புதுச்சேரி வானொலி நேயர்களுக்கு வணக்கம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் லேப்டாப் பழுது பார்க்கிறேன்.

“ஃபேன் ஓயாமல் கத்துது சார், புது ஃபேன் போட்டுடுங்க” என்றுதான் பலரும் கடைக்குள் வருகிறார்கள். நான் உடனே ஸ்க்ரூடிரைவரை எடுப்பதில்லை. மெஷினை ஆன் செய்து காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்பேன். கரகரவென்று தேய்கிற சத்தம் வந்தால் பேரிங் போய்விட்டது, ஃபேனை மாற்றத்தான் வேண்டும். உஸ்ஸென்று வெறும் காற்று இரைந்தால் ஃபேன் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. உள்ளே சூடு ஏறுகிறது, அதை வெளியே தள்ளத்தான் அது படாதபாடு படுகிறது. அந்தச் சூடு ஏன் என்று பார்க்காமல் ஃபேனை மாற்றினால், புது ஃபேனும் அதே மாதிரிதான் இரையும்.

போன கோடையில் தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி வந்தாள். வேறொரு கடையில் புது ஃபேன் போட்டு ஒரு மாதம்தான் ஆகிறது, சத்தம் அப்படியே இருக்கிறது என்றாள். அவள் வீடு கடற்கரைக்குப் பக்கம். அடி மூடியைத் திருப்பினேன், ஸ்க்ரூ தலையெல்லாம் பழுப்பேறியிருந்தது. உப்புக் காற்றின் வேலை. உள்ளே ஃபேன் பளிச்சென்றுதான் இருந்தது. ஆனால் ஃபேன் ஊதும் காற்று வெளியே போகிற வழியில், சீப்புப் பற்கள் மாதிரி நெருக்கமாக மெல்லிய தகடுகள் இருக்கும். லேப்டாப்பின் மூளை மாதிரி வேலை செய்கிற சிப்தான் பிராசசர்; அதன் சூடு செம்புக் குழாய் வழியாக அந்தத் தகடுகளுக்குத்தான் வந்து சேர்கிறது. ஃபேனுக்கும் தகட்டுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை. ட்வீசரால் பிடித்து இழுத்தேன், கம்பளித் துண்டு மாதிரி ஒரே பட்டையாக வந்தது. துணி நூல், தலைமுடி, பொடி மணல் எல்லாம் கடல் ஈரத்தில் இறுகிப்போய், வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஒரு பொட்டு வெளிச்சம்கூடத் தெரியவில்லை. அதைத் தாண்டிக் காற்று எப்படிப் போகும்?

கழற்றுவதற்கு முன்னால் வீட்டிலேயே பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. விண்டோஸ் மெஷினில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் சிபியு, அதாவது பிராசசர் என்ற தலைப்பைக் கிளிக் செய்தால், அதிகமாக உழைப்பது எது என்று மேலே வந்து நிற்கும். பிரவுசரில் 30 பக்கம் திறந்து கிடக்கலாம், ஆன்டிவைரஸ் ஸ்கேன் ஓடலாம். விண்டோஸ் அப்டேட் என்றால் ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள், தானே அடங்கும். ஒன்றுமே செய்யாதபோது நாலைந்து சதவீதம்தான் காட்டுகிறது, ஆனாலும் ஃபேன் இரைகிறது என்றால் தூசியையோ காய்ந்த பேஸ்டையோ சந்தேகப்படலாம். சில மாடல்களில், விண்டோஸுக்கு முன்னால் ஓடுகிற பயாஸ் என்ற அடிப்படை செட்டிங்கிலேயே ஃபேன் எப்போதும் ஓடட்டும் என்று வைத்திருப்பார்கள், அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பேஸ்ட் என்றேன் அல்லவா, பிராசசருக்கும் செம்புத் தகட்டுக்கும் நடுவில் தடவுகிற தெர்மல் பேஸ்ட். சில வருடங்களில் அது நெற்றியில் காய்ந்த சந்தனம் மாதிரி வெடித்து உதிரும். பழையதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு, ஓர் அரிசி மணி அளவுக்குப் புதிதாக வைத்தால் போதும்.

ப்ளோயர் வைத்து வீட்டிலேயே ஊதுகிறவர்கள் முதலில் மெஷினை ஆஃப் செய்து சார்ஜரைக் கழற்றுங்கள். அப்புறம் ஃபேன் இறக்கை சுற்றாதபடி ஓர் ஈர்க்குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்று வேகத்தில் அது கண்டபடி சுற்றினால் பேரிங் கெட்டுவிடும். மெத்தை மேலும் தலையணை மேலும் வைத்து வேலை செய்யவே வேண்டாம். காற்றை இழுக்கிற துளைகள் பெரும்பாலும் அடியில்தான் இருக்கின்றன.

சத்தம் தாங்காமல், ஃபேன் வேகத்தைக் குறைக்கிற சாஃப்ட்வேர் போடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஃபேன் மெதுவானால் சூடு ஏறும். 100 டிகிரியை நெருங்கும்போது பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மெஷினுக்கு வயசாகிவிட்டது என்று நினைத்துப் புதிது வாங்கக் கடன் கேட்டு அலைந்த ஒரு அப்பாவை எனக்குத் தெரியும். தூசி தட்டிப் பேஸ்ட் மாற்றியதும் அந்த மெஷின் பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. அவர் மகன் இன்றும் அதில்தான் படிக்கிறான்.

இன்னொன்று. நீண்ட நாள் சூட்டில் கிடந்த பேட்டரி உப்பிப்போகலாம். லேப்டாப் மேஜையில் சமமாக உட்காராமல் ஆடினாலோ, டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நின்றாலோ, சார்ஜ் போடாதீர்கள், அழுத்திப் பார்க்காதீர்கள். ஆஃப் செய்து, அப்படியே பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். நன்றி, வணக்கம்.